ஏழாம் வளைவு ஒத்துப்போகிறது

அன்றைய கூட்டத்தில் இருந்தவர்கள்: பந்தயத் திடலின் மேலாளர், எண்ணெய்க் கம்பெனியின் விளம்பர அதிகாரி, கார்க் கம்பெனி அனுப்பிய ஒரு அம்மா, எங்கள் நிறுவனத்தில் படம் வரையும், நாங்கள் தாடி என்று கூப்பிடும் பையன், நான். ஏசி வேலை செய்யவில்லை. எல்லோருக்கும் சீக்கிரம் எழுந்து போனால் போதும் என்றிருந்தது. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை என்பது தெரியட்டும் என்றுதான் இதை முதலில் சொல்கிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரிந்திருக்காது. நாங்கள் கார்ப் பந்தய வீடியோ கேம் செய்கிறோம். அதில் வரும் திடல், கார், ஓட்டுநரின் பெயர், சுவர் விளம்பரம் எல்லாம் நிஜம். நிஜம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. ஒவ்வொருவரிடமும் அனுமதி வாங்க வேண்டும். ஒரு திரையில் திடலின் புகைப்படம், பக்கத்துத் திரையில் எங்கள் கேம். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஆறு வருடமாக இதுதான். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு இதுவே அதிகம் என்று அப்பா சொல்வார். தப்பில்லை.

சிக்கல் ஏழாம் வளைவில் வந்தது. அங்கே ஒரு கான்கிரீட் சுவர். அதில் எண்ணெய்க் கம்பெனியின் பெயர் பெரிதாக எழுதியிருக்கிறது. சுவருக்கு முன்னால், தடம் மாறி வரும் வண்டி மெத்தென்று மோதி நிற்பதற்காகப் பழைய டயர்களை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள்.

"எங்க திடல்ல டயர் இருக்கு, உங்க கேம்ல இல்ல. அச்சு அசலா இருக்கணும்னுதானே ஒப்பந்தம்?" என்றார் மேலாளர்.

"போட்டுப் பார்த்தேன் சார். போட்டா இவங்க பேரு பாதி மறையுது" என்றான் தாடி.

"பாதிப் பேருக்கா நாங்க முழுப் பணம் குடுத்தோம்?" என்றார் விளம்பர அதிகாரி.

கார்க் கம்பெனி அம்மா கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். "நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்க. எங்க கார் எதுல மோதினாலும் நசுங்கக் கூடாது. ஒரு கீறல் தெரிஞ்சாலும் அனுமதி கிடையாது."

அந்த நிபந்தனை ஏற்கனவே அமலில் இருந்தது. எங்கள் கேமில் எந்த வேகத்தில் போய்ச் சுவரில் இடித்தாலும் கார் பந்து மாதிரி எகிறி, தன் வழியே போகும். சோதனைக்காக அந்தச் சுவரில் மட்டும் நான் நானூற்றுப் பன்னிரண்டு முறை இடித்திருக்கிறேன்.

வெளியீட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒப்பந்தத்தை மறுபடி படித்தேன். திடலும் கேமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்றிருந்தது. எது எதைப் பார்த்து மாற வேண்டும் என்று எங்கேயும் இல்லை. "ஏழாம் வளைவு ஒத்துப்போகிறது" என்று ஒரு தாள் அடித்துக்கொண்டு வந்தேன். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை திடலுக்குப் போனேன். பராமரிப்பு மேஸ்திரி வயதானவர்.

"டயரை எடுக்கணுமா? எதுக்குப்பா?"

"கேம்ல இல்லைங்க."

"கேம்ல நானுந்தான் இல்ல. என்னையும் எடுத்துருவியா?"

நானும் சிரித்தேன். பிறகு தாளைக் காட்டினேன். மேலாளரின் கையெழுத்தைப் பார்த்ததும் அவர் பேச்சை விட்டுவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். மதியத்துக்குள் டயர்கள் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டன. படம் எடுத்து வந்து கேமுக்குப் பக்கத்துத் திரையில் வைத்துப் பார்த்தேன். எள்ளளவும் வித்தியாசமில்லை. ஆறு வருடத்தில் அப்படி ஒரு நிறைவு எனக்கு வந்ததில்லை.

வெளியீட்டுக்கு முந்தின நாள், கேமில் பெயர் வரும் ஓட்டுநர் ஒருவர் அதே திடலில் ஓட்ட, விளம்பரப் படம் எடுப்பதாக ஏற்பாடு. அந்த ஓட்டுநர் என் தங்கையின் கணவர். அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்க நான்தான் நாயாய் அலைந்தேன். வண்டியில் ஏறுமுன் என்னிடம் வந்தார்.

"மச்சான், ஏழாவது வளைவுல டயரைக் காணோமே?"

"புதுசு மாத்துறாங்க மாப்ள. நீங்க கிளம்புறதுக்குள்ள வந்துடும்."

"மச்சான் சொன்னா சரி" என்று ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்திருப்பார். கேமில் அவர் அங்கே வேகத்தைக் குறைப்பதில்லை.

முதல் சுற்றிலேயே ஏழாம் வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. சுவரில் மோதி நிஜக் கார் நசுங்கியது. கார்க் கம்பெனி அம்மா உடனே கேமராவை அணைக்கச் சொன்னார். நிபந்தனைப்படி அது சரிதான். டயரை எடுக்க வைத்தவன் நான். வந்துவிடும் என்று சொன்னவனும் நான். இதை நான் மறுக்கவே இல்லை. என் பங்கை நான் ஒழுங்காகச் செய்தேன் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் இறந்துவிட்டால் பெயருக்கான அனுமதியும் போய்விடும். மனைவி கையெழுத்துப் போட்டால் தொடரும். நான்காம் நாள் படிவத்தோடு தங்கை வீட்டுக்குப் போனேன்.

"என்னண்ணா இது?"

"மாப்ள பேரு கேம்ல இருக்கணும்ல. ஒரு கையெழுத்து போதும்மா."

அவள் படிவத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "வண்டி ஏறுறதுக்கு முன்னாடி போன் பண்ணாரு. டயர் இல்ல, பயமாத்தான் இருக்கு, ஆனா வந்துடும்னு உங்கண்ணன் சொல்லியிருக்கான்னாரு. வராதுன்னு உனக்குத் தெரியுமா?"

"டயர் இருந்தா கேமே வெளிய வந்திருக்காதும்மா. அவர் பேரும் வந்திருக்காது."

அவள் அழவில்லை. படிவத்தை நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். வாசலைக் காட்டினாள். துக்கத்தில் இருக்கிறாள், அடுத்த வாரம் போட்டுக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தபடி நான் படியிறங்கும்போதே பின்னால் கதவு சாத்தப்பட்டு, உள்ளே சாவி இரண்டு முறை திரும்பியது.