வராகன் எடை

என் மச்சினன் நஞ்சுண்டசாமி எனக்குத் தர வேண்டியிருந்தது பதினாறு கிராம் தங்கம். அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன் ஐயா. மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தோம். கோபிநத்தத்திலிருந்து என்னை நம்பி வேலைக்கு வந்தவன் அவன். என் மனைவி பஞ்சவர்ணத்தின் கூடப் பிறந்த தம்பி. அவன் கடப்பாறையில்தான் அந்தச் செம்பு தட்டுப்பட்டது. உள்ளே விரல் நகம் அகலத்துக்குப் பொன் காசுகள். ஒதுக்குப்புறமாகப் போய் நான்தான் எண்ணினேன். நாற்பது என்று சொன்னேன். சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொண்டோம்.

இரண்டு பேராகப் போனால் சந்தேகம் வரும் என்று, தனக்குத் தெரிந்த நகை ஆசாரியிடம் அவன் மட்டும் கொண்டுபோனான்.

"ராஜா காலத்து வராகனாமுங் மாமா. மொத்தம் நூத்தி முப்பத்தாறு கிராமு. உருக்கியாச்சு" என்று சொல்லி, அறுபத்தெட்டு கிராம் கட்டியை என் கையில் வைத்தான்.

நான் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன். எழுத்து வந்த பிறகு வாய்ச்சொல்லை நம்பும் பழக்கம் போய்விட்டது. எங்கள் ஷெட்டில் நாட்டு மருந்துக் கடைக் காலண்டர் ஒன்று தொங்கும். அதன் பின்பக்கம் பழைய அளவுகளுக்கெல்லாம் கிராம் கணக்குப் போட்டிருந்தது. ஒரு வராகன் எடை நாலு புள்ளி இரண்டு கிராம். நாற்பது வராகன் நூற்று அறுபத்தெட்டு. பாதி எண்பத்து நான்கு. அவன் கொடுத்தது அறுபத்தெட்டு.

கேட்டேன். சிரித்தான்.

"தராசுல என்ற கண்ணு முன்னாலதான் போட்டாருங். உங்களுக்கு எழுத்து வந்தாலும் வந்துச்சு, இனி அக்கா கொழம்புக்கு உப்புப் போடோணும்னாக் கூட காலண்டரப் பாக்கோணும் போல."

அதற்குப் பிறகும் ஒரே சட்டியில்தான் சாப்பிட்டோம். அவன் புதுச் செருப்பு வாங்கினால், அது என் பதினாறு கிராமில் வாங்கியதாகவே எனக்குப் பட்டது. யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால், காசு எங்கே கிடைத்தது என்பார்கள். பஞ்சவர்ணத்திடம் சொன்னால் தம்பி பக்கம் பேசுவாள். மூச்சு முட்டியது என்றால், முதலில் முட்டியது எனக்குத்தான் ஐயா.

அந்த வீட்டுக்கே தண்ணீர்த் தொட்டி கட்டினோம். தரைக்கடியில் தொட்டி, மேலே கான்கிரீட் தளம், ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு வாய். உள்ளே முட்டுக் கொடுத்த பலகைகள் ஈரத்தில் ஊறிக் கிடந்தன. அந்த மாதிரித் தொட்டியில் காற்று கெட்டுப் போயிருக்கும். ஒரு நாள் முழுக்கத் திறந்து போட்டு, விளக்கை இறக்கிப் பார்த்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, வேறு யாரும் இல்லை. நேற்றே திறந்து வைத்துவிட்டேன், இறங்கிப் பலகையைப் பிரி என்று அவனிடம் சொன்னேன். திறந்து வைக்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் பொய் என்று எழுதிக்கொள்ளலாம்.

அவன் இறங்கியதும் இரும்பு மூடியைத் தள்ளி மூடி, அதன் மேல் உட்கார்ந்தேன். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"மாமா, வெளையாடாதீங்கோ. இருட்டா இருக்குதுங்."

"பதினாறு கிராம் எங்கடா?"

"அட சாமி, இன்னுமா அந்தக் காலண்டரு?"

சிரித்தான். சிரிப்பு இருமலாயிற்று. கொஞ்ச நேரம் அக்கா, அக்கா என்று கூப்பிட்டான். பிறகு சொன்னான்:

"எடுத்தேனுங் மாமா. நாந்தான் எடுத்தேன். தெறங்கோ."

அதைக் கேட்டதும் மனசு லேசாகிவிட்டது. எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அதற்குத்தான் பதில் வரவில்லை. இடத்தைச் சொல்லியிருந்தால் கட்டாயம் திறந்திருப்பேன். சாயங்காலம் நானே கூச்சல் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன்.

நேற்று ஸ்டேஷனில் என் இடுப்புப் பையிலிருந்து ஒரு காசை எடுத்தீர்கள். ஆமாம், செம்பில் இருந்தது நாற்பத்தொன்று. எண்ணும்போது ஒன்றை அடையாளத்துக்கு வைத்துக்கொண்டேன். அதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. அதை ஏன் நிறுத்துப் பார்க்கவில்லை என்று கேட்டீர்கள். வெளியே எடுத்தால் அவனுக்குத் தெரிந்துவிடுமே.

நீங்கள் தராசில் வைத்தபோது மூன்று புள்ளி நாலு காட்டியது. பழைய காசு பற்றித் தெரிந்தவர் என்று நீங்கள் வரவழைத்த அந்த அம்மா, மருந்துக் கடை வராகன் வேறு, காசு வராகன் வேறு என்றார். நானும் மனசுக்குள் நாற்பதால் பெருக்கினேன். நூற்று முப்பத்தாறுதான் வருகிறது.

அந்த அம்மா படித்தவர். தராசும் பொய் சொல்லாது. ஆனால் எடுத்தேன் என்று அவனே தன் வாயால் சொன்னானே ஐயா. சாகப் போகிற நேரத்தில் ஒருத்தன் பொய் சொல்வானா? போகட்டும். செத்தவனிடம் எனக்குப் பாக்கி வேண்டாம். பஞ்சவர்ணம் வந்தால் சொல்லுங்கள்: அவள் தம்பி என்பதற்காக அந்தப் பதினாறு கிராமை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன்.