நீலம் என்றால் கை

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் வைக்க வேண்டுமென்றால் பழையதை முதலில் போட வேண்டும், புதியதை அதற்கு அப்புறம் போட வேண்டும். மாற்றிச் செய்தால் பழையது வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிடும். உள்ளே புதியது ஒன்று இருக்கிறதென்றே மெஷினுக்குத் தெரியாது. நான் மாற்றித்தான் செய்ய வேண்டியிருந்தது. புதியது ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அதைச் சரிசெய்ய அரை நாள் பிடித்தது. நீங்கள் விசாரிக்க வந்தது இது இல்லை என்று தெரியும், மேடம். இருந்தாலும் இங்கே தொடங்கினால்தான் மற்றது புரியும்.

எங்கள் வேலை செருப்புக்கு சோல் அடிப்பது. ரப்பர் தகட்டை வெட்டி அச்சில் வைப்போம். மேல்தட்டு இறங்கி அமுக்கும். சூட்டில் ரப்பர் வெந்து சோல் ஆனதும் தட்டு ஏறும், எடுத்துப் போடுவோம். அந்தக் கொட்டகையில் வேலை பார்த்த எவன் சட்டைக்கையை மடித்தாலும் உள்ளே தழும்பு இருக்கும். நான் ரப்பர் மூட்டை சுமக்கப் போனவன். தோள் விட்டுப்போன பிறகு, ரிப்பேருக்கு வருகிறவனோடு ஒட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் பழகினேன். என்னை அங்கே சேர்த்துவிட்டவர் மாமா, என் அக்கா புருஷன். பெரிய பிரஸ் அவருடையது. அவருடையது என்றால், அதில் நிற்பவர் அவர்.

பிரஸ்ஸை ஓட்டப் புது கம்ப்யூட்டர் வந்தபோது கூடவே ஒரு கண்ணும் வந்தது. பிரஸ்ஸின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பம். ஒன்றிலிருந்து மற்றதற்கு வெளிச்சம் போகும். குறுக்கே கை வந்தால் தட்டு அப்படியே நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பழைய அச்சுகளை ஓட்டுகிற ப்ரோகிராம் புது சிஸ்டத்தில் திறக்க மறுத்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, பழசையும் ஒரு ஓரமாகப் போட்டு வையேன் என்றார். டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து ஓரமாகப் போட்டு வைத்தேன். மெஷினை ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

பழைய சிஸ்டம் கண்ணுக்கெல்லாம் முந்தைய காலத்தது. அதில் ஓட்டினால் கம்பங்களில் வெளிச்சம் எரியும், அவ்வளவுதான். தட்டு யாருக்காகவும் நிற்காது.

இதை நான் மறைக்கவில்லை. எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னேன். அவர்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். பழைய சிஸ்டத்தின் திரையில் பச்சைப் புல்வெளி, புதியதில் நீலம். பச்சை என்றால் இடுக்கியால் எடுக்க வேண்டும், நீலம் என்றால் கையாலேயே எடுக்கலாம். ஷிப்ட் மாறும்போது வேறு எதுவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். போகிறவன் "பச்சை" என்பான், வருகிறவன் இடுக்கியை எடுத்துக்கொள்வான்.

பக்கத்து மெஷின்காரனுக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓயாது. "அண்ணனுக்கு ரெண்டு பொண்டாட்டிப்பா. பச்சைச் சேலை கட்டினவ கடிப்பா, நீலச் சேலை கட்டினவ கொஞ்சுவா" என்பான்.

"ஒருத்தியையே சமாளிக்க முடியல. மச்சினன் வேற நிக்கிறான், பார்த்துப் பேசுடா" என்பார் மாமா.

சிரித்துக்கொண்டுதான் வேலை பார்த்தோம். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நீலத்தில் கை வேகமாக ஓடும், ஆனால் கண் ஓயாமல் வழிமறிக்கும். சட்டைக்கை ஆடினால் நிற்கும், ரப்பர் புகை கொஞ்சம் திரண்டால் நிற்கும். பச்சையில் தட்டு நிற்கவே நிற்காது, ஆனால் இடுக்கி பிடித்தவனுக்கு வேலை ஓடாது. எப்படிப் பார்த்தாலும் பாதி வேகம் வீண். முதலாளி ஒருநாள் கொட்டகைக்குள் வந்து, இப்படியே போனால் சரக்கு எடுக்கிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள், பிரஸ்ஸை விற்றுவிட்டுக் கொட்டகையைக் குடோனாக விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை. மாமாவை நினைத்தேன். அந்த வயதில் அவரை எவன் வேலைக்கு எடுப்பான்? அக்கா வீட்டில்தான் நானும் சாப்பிடுகிறேன்.

யோசித்தால் வழி இருந்தது. பச்சையின் தட்டும் நீலத்தின் கையும் ஒன்றுசேர்ந்தால் போதும். தட்டு எப்படியும் நிற்காது. கை மட்டும் பயப்படாமல் உள்ளே போக வேண்டும். அந்தப் பயம் திரையில் தெரிகிற படத்தில்தான் இருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது பழைய சிஸ்டத்தில் நீலப் படத்தைப் போட்டேன். திரையின் கீழ்ப்பட்டை நிறத்தையும் அதற்குத் தகுந்தாற்போல் மாற்றினேன். எது வேண்டும் என்று கேட்கிற திரையை எடுத்துவிட்டேன். இனி தானாகவே பழையது வரும். ஆன் செய்யும்போது ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் மட்டும் புதியது வரும், அது எனக்குத் தெரிந்தால் போதும். கம்பெனிப் பொருள் எதையும் நான் உடைக்கவில்லை. ஒரு படத்தை மாற்றினேன்.

சாப்பிட்டு வந்தவர்களிடம், பழைய ப்ரோகிராமைப் புதியதிலேயே ஓட வைத்துவிட்டேன், பழைய சிஸ்டத்தைத் தூக்கிவிட்டேன், கண் இனிமேல் சும்மா சும்மா நிறுத்தாது என்று சொன்னேன். எதற்கும் ஒரு குச்சியை நீட்டிப் பார்த்துவிடலாம் என்றான் ரேடியோ. அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. மாமா அவனைத் தடுத்தார்.

"என் மச்சினன் சொல்லிட்டான்ல. அப்புறம் என்னடா குச்சி?"

இடுக்கியை ஆணியில் மாட்டினார். மற்றவர்களும் மாட்டினார்கள்.

வேகம் கூடியது. முதலாளி சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ரொம்ப நாள் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தட்டு இறங்குவதற்குள் கை வெளியே வந்துவிடும். எல்லாம் பழகின கைகள். இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்றைக்கு ஒரு சோல் அச்சில் ஒட்டிக்கொண்டது. மாமா அதை உரித்து எடுக்கக் கையை விட்டார். தட்டு இறங்கியது. கையை இழுத்திருக்கலாம், இழுக்க நேரம் இருந்தது என்கிறான் ரேடியோ. அவர் இழுக்கவில்லையாம். எப்படியும் நின்றுவிடும் என்று தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாராம்.

நான் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தேன். அது தட்டை இருக்கிற இடத்திலேயே நிறுத்தும், தூக்காது. தூக்குவதற்குக் கம்ப்யூட்டரில்தான் சொல்ல வேண்டும். சொன்னேன், திறந்தது. கையை எடுத்தோம், வண்டியில் ஏற்றி அனுப்பினோம். கொட்டகை காலியானதும் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி ஆன் செய்து புது சிஸ்டத்தில் விட்டு வைத்தேன். முதலாளி வந்து பார்க்கும்போது எல்லாம் முறையாக இருந்தது. கண் வேலை செய்ததா என்று கேட்டார். செய்தது என்றேன். அப்படியென்றால் அந்த ஆள் ஏதோ குறுக்குவழியில் கையை விட்டிருக்கிறான், தன் தப்புக்குத் தானே பொறுப்பு, இனி இங்கே அவனுக்கு வேலை இல்லை என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. முதலாளியை எதிர்த்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனேன். மணிக்கட்டுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். அக்கா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். மாமாவுக்கு முதலாளி மேல் கோபம் இல்லை, யார் மேலும் இல்லை. அவருடைய குழப்பமெல்லாம் வேறு.

"நீலமாத்தானே இருந்துச்சு மாப்ள? நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன். எங்கன்னுதான் பிடிபடல."

"விடுங்க மாமா. யாருக்கும் வர்றதுதான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நான் அப்படிச் சொன்னது அவருக்கு ஆறுதலாக இருந்தது என்றே நினைக்கிறேன்.

மாமாவின் கை உள்ளே இருந்தபோதே திரை இரண்டு தடவை கறுத்தது என்று ரேடியோ உங்களிடம் சொல்லியிருக்கிறான். ரேடியோ நிறையப் பேசுவானே தவிர பொய் பேசமாட்டான். அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றபோது 'திற' என்ற பட்டன் திரையில் எதிரேயே இருந்தது. மாமா சத்தம் போடவில்லை. "தூக்குப்பா" என்றார். இரண்டாம் தடவையும் அதையே சொன்னார். ஆனால் சரக்கு எடுக்கிறவர்கள் அன்றைக்குத்தான் வந்து முதலாளி அறையில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் கூடினால் அவர்களும் வருவார்கள், கண் வேலை செய்யாமல் ஓட்டுகிறோம் என்பது தெரிந்துவிடும், கொட்டகை அத்தோடு முடிந்தது. போன கை போனதுதான், மற்றதாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். திற பட்டனை நான் அழுத்தவில்லை. ரீஸ்டார்ட் கொடுத்து, புது சிஸ்டம் வருவதற்கான பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

புதியது மெதுவாக எழும். அந்த மெஷினுக்கு அது கொஞ்சம் கனம். மாமா என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று ரேடியோ சொல்கிறான்; நான் திரும்பவில்லை. எழுந்ததும் தட்டைத் தூக்கச் சொன்னேன். குறுக்கே கை இருக்கிறது, அசைக்க முடியாது என்று எழுதிக் காட்டியது. கண் சரியாக வேலை செய்தது. முதலாளியிடம் நான் சொன்னது அந்த வகையில் பொய் இல்லை.

அப்புறம் பழையதற்கே திரும்பினேன். அது எழுந்து வந்ததும் திற பட்டனை அழுத்தினேன், திறந்தது. எனக்குக் கெட்ட எண்ணம் இருந்திருந்தால் திரும்பியிருக்க மாட்டேன்.

தட்டின் சூடு ரப்பரை வேகவைக்கிற சூடு. உடனே எடுத்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். வீட்டில் விவரம் தெரிந்தவன் நான் என்பதால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அக்காவிடம் நான் சொல்லவில்லை. அவள் தாங்கமாட்டாள்.

இப்போது நீங்கள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. மாமா மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.