பின்னால் வரும் கப்பல்

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் தனியார் பஸ், ஆள் பிடிப்பதற்காகக் கோட்டை மலையோரம் ஊர்ந்துகொண்டிருந்தது. இறங்கி நடந்திருந்தால் நான் முன்னால் போயிருப்பேன். எனக்கு முன்சீட்டில் இரண்டு நர்ஸ்கள்.

“இனிமே அந்த விண்வெளி சீரியல் பாக்கமாட்டேன்டி. ஒளியவிட வேகமா போற கப்பலாம். போன வாரம் ஒரு நட்சத்திரத்துக்கு ஒரே நாள்ல போச்சு. இந்த வாரம் அதே நட்சத்திரத்துக்குப் போக ஏழு வருசம் ஆவுமாம். இன்னா கணக்கு இது?”

“போன வாரம் எதிரி கப்பல் தொரத்துச்சா?”

“ஆமா.”

“இந்த வாரம்?”

“யாரும் தொரத்தல.”

“அப்புறம் இன்னாடி? நம்ம டிரைவரப் பாரு. அடுத்த பஸ்ஸு கண்ணாடியில தெரியிற வரைக்கும் உருட்டினுதான் இருப்பாரு. தெரிஞ்சா பறப்பாரு. வண்டி அதே வண்டிதான்.”

“எனக்கு டூட்டிக்கு லேட்டாவுது. நீ வேற!”

அப்போது பின்படிக்கட்டிலிருந்து கண்டக்டர் விசிலடித்துக் கத்தினார்.

“அண்ணே, பின்னால வந்துட்டான்!”

பஸ் துள்ளிப் பாய்ந்தது. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். சீரியலே வேண்டாம் என்றவள் காற்றை மீறிக் கத்தினாள்.

“ஏய், நான் டூட்டி முடிஞ்சு நம்ம ரூமுக்கு வராம அடுத்த எபிசோட போட்டுறாத!”