ஃபெயிலாக மாட்டேங்கிற நிலம்

— நல்லாக் குனிஞ்சு பாருங்க மேடம். இது மண் அரிப்பு. சத்தியமா மண் அரிப்பு.

— சார், இது எலி வளை.

— எலி வளையா ஆரம்பிச்சு அரிப்பா முடியும் மேடம். இந்தச் சரிவே சரியில்ல. ஒரு மழைக்குத் தாங்காது.

— போன வாரம்தானே பேய் மழை பெஞ்சுது? வடிகால்ல தண்ணி மண் கலங்காம கண்ணாடி மாதிரி ஓடுது. நிலக்கரி தோண்டி முடிச்சு மூடின சுரங்க நிலமெல்லாம் மறுபடி பசுமையாச்சான்னு எத்தனையோ வருஷமா சோதிச்சுட்டிருக்கேன். "என் வேலை மோசம், ஃபெயில் பண்ணுங்க"ன்னு எந்த மேனேஜரும் என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினதில்ல.

— கையைப் பிடிக்கல மேடம். நீங்க அளக்கிற டேப்பைத்தான் பிடிச்சேன்.

— விடுங்க அதை. மேல்மண் முழங்கால் ஆழம் இருக்கு.

— சாண் அளவுதான் போடச் சொன்னேன். லாரிக்காரன் தப்பாப் புரிஞ்சுகிட்டான். அவன் நல்லா இருப்பானா?

— செடி?

— பாதி காஞ்ச கன்னுங்களாப் பாத்துப் பொறுக்கினேன். நர்சரிக்காரனே "இதையா சார் கேக்கறீங்க?"ன்னு வாயைப் பொளந்தான். அதுங்களும் தழைச்சு நிக்குது. என் ராசி.

— அங்க ஏதோ பறவை கூடு கட்டியிருக்கு போல.

— அதை நான் பாக்கல மேடம். நீங்களும் பாக்காம இருந்தா நல்லது.

— விளையாட்டு போதும் சார். நிலம் தேறிடுச்சுன்னு நான் சொன்னா உங்களுக்குத்தான் பாராட்டு. எதுக்கு இப்படி நடுங்கறீங்க?

— இது தேறினாத்தானே கம்பெனிக்கு அடுத்த சுரங்கம் தோண்ட அனுமதி கிடைக்கும்? எங்க தோண்டப் போறாங்க தெரியுமா? அதோ, அந்த ஓட்டு வீடுங்க. கடைசி வீடு என் மாமியாரோடது. மாமனார் தன் கையால கட்டினது. அங்க பொக்லைனை அனுப்ப வேண்டியது நான். இடிச்சா அத்தை உயிரையே விட்டுடுவாங்க மேடம்.

— அவங்க அப்படிச் சொன்னாங்களா?

— இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லணுமா? அதோ, அவங்களே மேல ஏறி வர்றாங்க. நான்தான் வரச் சொன்னேன். அவங்க கண்ணு கலங்கினா உங்க மனசு இளகாதான்னுதான். வாங்க அத்தை, மெல்ல வாங்க. இவங்கதான் இன்ஸ்பெக்டர் மேடம். நம்ம வீட்டைப் பத்திச் சொல்லுங்க.

— வணக்கம்மா. நிலம் பாஸாயிடுச்சா?

— அத்தை, அப்படிக் கேக்கக் கூடாது. அழுங்க.

— எதுக்கு மாப்பிள்ளை அழணும்? ஏம்மா, வீட்டை எப்ப இடிப்பாங்க? நான் பெட்டியெல்லாம் கட்டி வச்சுட்டேன்.

— அத்தை! மாமா கட்டின வீடு!

— உங்க மாமாவுக்கு நூல் பிடிக்கத் தெரியாது. கட்டின நாள்லேர்ந்து அந்தக் கதவை ஒழுங்காச் சாத்த முடிஞ்சதே இல்ல. தெருவே காலி ஆயிடுச்சு. சண்டை போடக்கூட ஒரு ஆள் கிடையாது. பல்லிகிட்ட எத்தனை நாள்தான் பேசறது? வீடு இடிஞ்சுதுன்னா, போக்கிடம் இல்லன்னு பொண்ணு வீட்டுக்கு வந்துடலாம். அதுல ஒரு கௌரவம் இருக்கு.

— ஒரு நிமிஷம்மா. உங்க கால் முழுக்க ஏன் இவ்வளவு சேறு?

— தண்ணி மொண்ட சேறும்மா. இந்தச் செடிங்க பின்ன சும்மாவா வளந்துச்சு? மாப்பிள்ளை நட்டது எல்லாம் துவண்டு கெடந்துச்சு. பாவம், மனுஷனுக்கு வேலை தெரியலன்னு நெனச்சேன். நாம கை கொடுக்கலன்னா எப்படி? தினம் சாயங்காலம் குட்டையிலேர்ந்து குடம் குடமாத் தூக்கி ஊத்தறேன். முட்டி தேஞ்சே போச்சு.

— அத்தை, நீங்களா?

— ஐயோ அம்மா, ஏம்மா இப்படிப் பண்ணினீங்க!

— ஏம்மா, நல்லதுதானே பண்ணினேன்?

— சட்டம் வேற மாதிரிம்மா. செடி மழைத் தண்ணியிலேயே தானா வேர் பிடிச்சு நிக்கணும். ஊத்தி வளத்தது செல்லாது. இந்த நிலம் ஃபெயில். மறுபடியும் முதல்லேர்ந்து நட்டு, அஞ்சு வருஷம் தானா வளருதான்னு பாக்கணும்.

— ஃபெயிலா? மேடம், என்ன மேடம் நீங்க! எப்பேர்ப்பட்ட நிலம் இது! இந்த மண்ணை ஒரு தடவை மோந்து பாருங்க. சத்தியமாச் சொல்றேன், இதுல எந்தக் குறையும் இல்ல!

— சார், நீங்க கேட்டதைத்தானே குடுத்திருக்கேன்?

— இருங்கம்மா. அப்ப என் வீட்டை இடிக்க மாட்டாங்களா? இன்னும் அஞ்சு வருஷம் நான் அந்தப் பல்லியோடதானா?

— அத்தை… வீட்டை இடிச்சாத்தான் வரணுமா என்ன? எங்க வீட்டுக்கு இப்பவே வந்துடுங்களேன். வர்றீங்களா?

— இந்த ஒரு வார்த்தையை முன்னாடியே கேட்டிருந்தா, நான் எதுக்கு மாப்பிள்ளை குடத்தைத் தொடப் போறேன்?