நாலரைக் கிலோ

பூந்தொட்டி கொடுத்தால் முகம் சுளிக்கிறவர் யாருமில்லை. வாங்குகிறவரும் சிரிப்பார், கொடுக்கிறவரும் சிரிப்பார். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன், மேடம். நிலச் சோதனை அதிகாரி என்ற முறையில் நீங்கள் கேட்கிறீர்கள், நான் சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

நகராட்சியில், கட்டட அனுமதிப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டியவன் நான். எந்த விதியைக் கேட்டாலும் பக்க எண்ணோடு சொல்வேன். ஆபீசில் எனக்கு 'ஷரத்து' என்றே பெயர். ஓய்வு பெற்ற பிறகு அந்த ஞானத்தை ஒருத்தரும் சீந்தவில்லை, என் மச்சினனைத் தவிர.

மச்சினன் வீடு கட்டி விற்கிறவன். பழைய சாயப் பட்டறை இருந்த மனையை வாங்கிப் பன்னிரண்டு வீடு கட்டக் கிளம்பினான். அந்த மண்ணை நீங்களே சோதித்தீர்கள். மண்புழுவை விட்டால் கால் மணி நேரத்தில் நீலம் பாரித்துச் செத்துப்போகும். மேல்மண்ணை வாரி அப்புறப்படுத்தி, நல்ல மண் நிரப்பினால்தான் கட்டலாம் என்பது விதி. வாரிய மண்ணை நச்சுக் கழிவுக்கென்று ஒதுக்கிய குழியில்தான் கொட்ட வேண்டும். அந்தக் குழிக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம் பதினோரு வருஷம்.

"மாமா, நீங்கதான் ஏதாவது வழி பண்ணணும். பண்ணிட்டீங்கன்னா அதுல ஒரு வீடு அக்காவுக்கு," என்றான்.

அக்கா என்றால் என் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு. மூன்று குடும்பத்துக்கு ஒரே குளியலறை. வெளியே யாரும் கதவைத் தட்டாமல் ஒருநாளாவது நிதானமாகக் குளிக்க வேண்டும் என்பாள். வாழ்க்கையில் அவள் கேட்டது அவ்வளவுதான். வயது அறுபத்தாறு. அதோடு பதினொன்றைக் கூட்டிப் பார்த்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை.

விதிப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது: ஐந்து கிலோவுக்குக் குறைந்த மண்ணைக் கழிவு என்று கொள்ள வேண்டாம், சோதனை மாதிரி என்று கொள்க. அதை யாரும் யாருக்கும் கொடுக்கலாம். பெறுகிறவர் கையெழுத்து இருந்தால் போதும்.

அதை எழுதியவர் ஞானி. விஷம் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால்தானே விஷம்? பகிர்ந்து கொடுத்தால் அது பெருந்தன்மை.

மொத்தம் பதினெட்டு லாரி மண். தொட்டிக்கு நாலரைக் கிலோ வீதம் நாற்பதாயிரம் தொட்டி. 'பசுமை நண்பர்கள் மன்றம்' என்று ஒன்று தொடங்கினேன். தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் நானே. கூட்டங்களில் ஒரு சச்சரவு வந்ததில்லை. வீட்டுக்கு நான்கு தொட்டி, புதினாச் செடியோடு, இலவசம். பள்ளிக்கூடத்துக்குத் தனியாக. ஆஸ்பத்திரிக்கு ஜன்னலுக்கு ஒன்று. 'மண் மாதிரி பெற்றுக்கொண்டேன்' என்று ஒவ்வொருவரிடமும் முறைப்படி கையெழுத்து வாங்கினேன். ஒருவரும் படிக்கவில்லை. அது என் தவறா? உங்கள் கையெழுத்து இருநூற்றுப் பன்னிரண்டாவது, மேடம். முத்து முத்தான எழுத்து.

தபால்காரர் மட்டும் உருகிப் போய்விட்டார். "உங்களுக்கு எவ்ளோ பெரிய மனசு சார்!"

"வயசாயிடுச்சு இல்லையா தம்பி. இருக்கிறதை நாலு பேருக்குக் குடுத்துட்டுப் போகணும்."

"அப்ப என் மாமியாருக்கும் ரெண்டு சேர்த்துக் குடுங்க."

கொடுத்தேன். அந்த இரண்டைப் பற்றி இதுவரை அவரிடமிருந்து புகார் வரவில்லை.

மூன்றாவது மாதம் புதினா நீலமாகத் தழைத்தது. ஊரே பூரித்தது. தொட்டியில் படுத்த பூனைகள் நீலமாயின. அதையும் அழகு என்றார்கள். பேங்க் மேனேஜரின் மீசை நீலமானபோதுதான் பேச்சு கிளம்பியது. பற்கள் நீலமானதை நான் மறுக்கவில்லை. விழுந்தது சிலருக்குத்தான். மொத்தமாக விழுந்தது அதிலும் சிலருக்குத்தான்.

பதறிப்போய் ஆளாளுக்குத் தொட்டியைத் தம் வீட்டுக் கொல்லையிலேயே கவிழ்த்தார்கள். நீங்கள் வந்து சோதித்து, ஒவ்வொரு மனையையும் நச்சு நிலம் என்று அறிவித்து, எல்லோரையும் வெளியேறச் சொன்னீர்கள். ஊரில் சுத்தமான மண் என்று மிஞ்சியது மச்சினன் கட்டிய பன்னிரண்டு வீடுகளின் மண் மட்டுமே. சான்றிதழில் நீங்களே ஒப்பமிட்டிருக்கிறீர்கள். விதியை நான் எவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்தேன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆகவே ஊர் அங்கே வந்து இறங்கியது. எங்கள் புது வீட்டுக் கூடத்தில் மட்டும் அறுபது பேர். மாடிப்படிக்கு ஒருவராக ஆஸ்பத்திரி நோயாளிகள். குளியலறைக்கு டோக்கன் போட்டிருக்கிறோம். நேற்று என் மனைவிக்கு வந்தது நாற்பத்தேழு.

தோளில் துண்டோடு வரிசையில் நின்றவள் திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, ஊர்ல ஒரு வீடு விடாம குடுத்தீங்களே. நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் ஒரு தொட்டி கூடக் கொண்டுவரல?"

முன்னால் நின்ற நாற்பத்தாறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பல் இருந்தவர்கள் நீலமாகக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வைத்து என்ன சொல்வது? அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, மேடம். ஐந்து கிலோவுக்குக் குறைந்தால் அது விஷமில்லை என்று நான் மனதார நம்பினேன். இன்றும் நம்புகிறேன். அதற்காக அதைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் வைக்க, நான் என்ன பைத்தியமா?