காய்ந்த கொப்பு ஊருக்கு

எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் நிற்கும் நாளைவிடக் காய்ந்து கிடக்கும் நாள்தான் அதிகம். பசுவந்தனைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தண்ணீர் வற்றியதும் பெண்கள் அரிவாளோடு இறங்கி, உடைமரங்களில் காய்ந்த கொப்புகளை மட்டும் வெட்டிச் சுமந்து போவார்கள். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. என் அம்மா அப்படிச் சுமந்த விறகில்தான் எனக்குச் சோறு பொங்கினாள்.

எண்பத்து மூன்றில் அந்த மரங்களைக் கரி சுடுவதற்காக நான் ஏலத்தில் எடுத்தேன். ஏலம் எடுத்தவன் வேலி போடுவது நியாயம்தானே ஐயா. முள்ளை வெட்டி நான்கு பக்கமும் அடைத்தேன். அந்தப் பெண்கள் வீட்டிலிருக்கும் காய்ந்த பருத்திச்செடி, பருத்திமார், இரண்டு மாதம் எரியும். அதற்குப் பிறகு அவர்கள் அடுப்பு என்னவாகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடைத்தேன்.

சீனித்தாய் மட்டும் விடவில்லை. புருஷன் இல்லாதவள், ஒரு மகளோடு இருந்தாள். நாற்பது வீட்டில் கைநாட்டு வாங்கித் தாலுகா ஆபீசில் மனு கொடுத்துவிட்டாள். மரம் ஏலக்காரருக்கு, காய்ந்த கொப்பு ஊருக்கு. அவ்வளவுதான் கேட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தாசில்தார் நேரில் விசாரிக்க வருவதாகத் தகவல் வந்தது. மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தால் வாய் திறக்க மாட்டார்கள். அவள் திறப்பாள்.

அந்த வாரம் அவளையே கரிமூட்ட வேலைக்குக் கூப்பிட்டேன். மனு கொடுத்தவளுக்கும் வேலை கொடுக்கிறாரே என்று ஊர் மெச்சியது. எனக்கும் அது பிடித்திருந்தது.

"வேல வேற, மனு வேற அண்ணாச்சி. வெள்ளிக்கெழம நான் சொல்லத்தான் செய்வேன்" என்றாள்.

"சொல்லு. நானா வேண்டாங்கேன்?"

விறகை அடுக்கி, வைக்கோல் போட்டு, ஈரமண் பூசித் தீ வைப்பதுதான் மூட்டம். உள்ளே நாலைந்து நாள் கனன்று கரியாகும். மேல்மண் வெடித்துப் புகை வந்தால் ஒரு ஆள் ஏறி அடைக்க வேண்டும். சில இடத்தில் உள்ளே விறகெல்லாம் சாம்பலாகி, மண் மட்டும் ஓடாக நிற்கும். அதனால் மூட்டக்காரன் முதலில் கம்பால் தட்டிப் பார்ப்பான்; என் மூட்டத்தில் அது நான்தான். சத்தத்திலேயே தெரியும். அவன் சொல்லாமல் யாரும் கால் வைப்பதில்லை.

வியாழக்கிழமை ஆட்கள் வருவதற்கு முன்பே தட்டிவிட்டேன். வடக்கு ஓரம் உள்ளே ஒன்றுமில்லாமல் பொள்ளலாக இருந்தது. பத்து மணிக்கு அங்கேயே புகை வந்தது. சீனித்தாய் மண்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தட்டிப் பாத்தியளா அண்ணாச்சி?"

"பாத்துட்டேன். ஏறு."

அது பொய் இல்லை. தட்டிப் பார்த்திருந்தேன். இத்தனை நாள் இதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். இப்போது உங்கள் முன்னால் சொல்லும்போது வெட்கமாக இருக்கிறது.

மண் ஓடு உடைந்து இடுப்பு வரை உள்ளே போனாள். வெளியே இழுத்தது நான்தான். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டதற்கு, "அண்ணாச்சி தட்டிப் பாத்துத்தான் ஏறச் சொன்னாவ. எனக்குத்தான் நேரஞ் சரியில்ல" என்றாளாம். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போக முகம் இல்லை. வெள்ளிக்கிழமை விடியும்போது போய்விட்டாள். தாசில்தார் வந்தார். பேச ஆள் இல்லை. திரும்பிப் போனார்.

அவளை எரிக்க ஊரில் விறகு இல்லை. மகள் வெயிலம்மாள் வேலிக்கு வெளியே வந்து நின்றாள். ஒரு வண்டி காய்ந்த உடைவிறகை ஏற்றி அனுப்பினேன். அந்தப் பிள்ளை என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது. நான் தடுக்கவில்லை.

யாரும் என்மேல் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். சீனித்தாயைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். விறகு கொடுத்ததையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.