ஈரச்சாக்கு

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு மட்டுமல்ல, மண் வெட்டுகிற மம்முட்டிக்கும் தண்ணீர் காட்ட வேண்டும். வெயிலில் பிடிக்கட்டை வற்றிச் சுருங்கும். இரும்பு லொடலொடவென்று ஆடும். ஓங்கி வெட்டும்போது கழன்று போனால் எதிரில் நிற்பவன் கதி அதோகதி. அதனால் வேலை முடிந்ததும் மம்முட்டியை வாய்க்காலில் போட்டுவிட்டு வருவோம். காலையில் பார்த்தால் மரம் ஊறி உப்பி இரும்பைக் கவ்விப் பிடித்திருக்கும். திருச்செங்கோட்டுச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பண்ணையத்துக்காரனைக் கேட்டாலும் இதைச் சொல்வான். இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் என்று கேள்வி. அங்கே பூமியே ஈரம், உங்களுக்கு இது புதிதாக இருக்கலாம். அதனால்தான் முதலில் இதைச் சொல்லிவிட்டேன்.

என் பெயர் சென்னியப்பன். கரட்டுமேட்டுக் கிளப்புக்குச் செக்ரட்டரி. அந்த மேடும் என்னுடையதுதான். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது தன் கோல்ஃப் மட்டைகளை என்னிடம் விட்டுப் போனார். சோளம்கூடச் சரியாக விளையாத மேடு; அதில் குழி தோண்டி, குழியைச் சுற்றி எண்ணெயில் பிசைந்த மணலைப் பரப்பி, நாலு சிநேகிதர்களோடு ஆரம்பித்தேன். துரைமார் ஊரில் பச்சைப்புல் மேல் விளையாடுவார்களாம். எங்களுக்குக் கொழுக்கட்டைப் புல்லே ஐப்பசி மழை பெய்தால்தான். ஆனாலும் வக்கீல், மிட்டாதார், நூல் வியாபாரி என்று மெம்பர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

சென்னையில் விளையாட்டுச் சாமான் விற்கும் ஒருவர், நம் நாட்டு மரத்திலேயே மட்டை செய்து விற்கப் பார்த்தார். எங்கள் வெயிலைத் தாங்கினால் எந்த வெயிலையும் தாங்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டைகளை அனுப்புவார். மெம்பர்கள் அடித்துப் பார்த்து நல்லது கெட்டதைச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் என் வேலை ஆரம்பம். சும்மா வருகிறது என்றால் நம் ஆட்களுக்கு ஆசை தலைக்கேறும். மட்டை தனக்கே சொந்தம் என்று ஒருவர் நினைப்பார். கந்தப்பன் வக்கீல் என்று ஒருவர் இருக்கிறார். புது மட்டை வந்தால் குறி தானாக வந்துவிடும் என்று நினைத்து, பந்தைப் பக்கத்துக் கிணற்றிலேயே போட்டுக்கொண்டிருந்துவிட்டு, மட்டையின்மேல் வழக்குப் போடாத குறையாகத் திருப்பிக் கொடுத்தார். அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். மட்டையை வெற்றிலைத் தட்டில் வைத்துத்தான் கொடுப்பேன். கொடுக்கும் முன் எல்லார் முன்னாலும் சொல்வேன்: இது இனாம் அல்ல, இது அதிசயம் எதுவும் செய்யாது, கெட்டிருந்தால் கெட்டது என்று சொல்ல வேண்டும், கோடையில் தலை கழலும், ராத்திரியில் ஈரச்சாக்குச் சுற்றி வைக்க வேண்டும். கேட்டுக்கொண்டவர் வெற்றிலையை எடுத்தால் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மனஸ்தாபம் வராது. செக்ரட்டரி நியாயஸ்தர் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

இன்னொரு விதியும் நான் வைத்ததுதான். அடிக்கிறவனுக்குத் தன் அடி தெரியாது. பந்து போகிற திசையையே பார்ப்பான். தன் தோளும் மணிக்கட்டும் என்ன செய்தன என்பதைக் கவனிக்கமாட்டான். அதனால் சோதிக்கிற ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு பார்வைக்காரர் நிற்க வேண்டும். அடி எப்படி இருந்தது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

சண்முகவேலுக்குப் பார்வைக்காரன் நான்.

அவனைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ராசிபுரத்துப் பட்டு நெசவுக் குடும்பம். இங்கே நூல் கடை வைக்க வந்தவன். ஒரு சாயங்காலம் வேலி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் கூப்பிட்டு மட்டையைக் கையில் கொடுத்தேன். விரலை எப்படி மடக்குவது என்பதிலிருந்து நான் சொல்லிக் கொடுத்ததுதான். தறியில் உட்கார்ந்து பழகிய கை. லேசாகப் பிடிக்கத் தெரிந்த கை. ஒரு வருஷத்தில் என்னைவிட நன்றாக அடித்தான். அதில் எனக்கு வருத்தமில்லை, பெருமைதான். ஏனென்றால் ஒவ்வொரு பந்தை அடித்ததும் பந்தைப் பார்க்கமாட்டான். திரும்பி என்னைப் பார்ப்பான்.

"எப்படிங்ணா இருந்துச்சு?"

நான் சொல்வேன். நன்றாக இருந்தால் நன்றாக இருந்தது என்று சொல்வேன். சில நாள் நன்றாக இருந்தாலும் ஒரு குறை சொல்வேன், இன்னொரு தடவை கேட்கட்டும் என்று. மழை, கடை வேலை என்று அவன் வராத நாளில் எனக்கு எதிலும் மனம் ஒட்டாது. என் மனைவி ஆத்தாயி ஒரு தடவை சொன்னாள்: "அந்தத் தம்பி வரலீன்னா உங்களுக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுங்களே." அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள்.

ஈரச்சாக்கு விஷயத்தை மற்றவர்களுக்குச் சொல்வேன் என்றேன் அல்லவா, அவனுக்கு மட்டும் அதைச் சொல்வதில்லை. அவன் போனபின் அவன் மட்டையை நானே எடுத்துச் சாக்கை நனைத்துச் சுற்றி வைப்பேன். காலையில் பிரித்துத் துடைத்து நிழலில் வைப்பேன். அவனுக்கு இது தெரியாது. என்னுடைய மட்டைக்குக்கூட நான் அவ்வளவு பார்த்ததில்லை.

போன தை மாதம் அவனுக்குக் கல்யாணம். எடப்பாடிப் பெண், கமலவேணி. கல்யாணத்துக்கு வில்வண்டி கொடுத்ததே நான். மாசியில் ஒரு நாள் அவளையும் மேட்டுக்குக் கூட்டி வந்தான். புதுப்பெண், வீட்டில் தனியாக இருந்தால் சலிப்பாக இருக்கும் என்று சொன்னான். நியாயம்தான். நான் அவள் உட்கார என் நாற்காலியைக் கொடுத்தேன். அவள் உட்காரவில்லை. அவன் அடிப்பதையே நின்று பார்த்தாள். பிறகு, "இடது தோளு கொஞ்சம் முந்திருச்சுங்க" என்றாள்.

முந்தித்தான் இருந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுத்திருந்தேன். தறிப் பாவில் ஓர் இழை அறுந்தால் வாசற்படியில் இருந்தே கண்டுபிடிக்கிற வீட்டில் பிறந்தவள். அவன் சிரித்துவிட்டான். மறுபடி அடித்தான். அடித்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"எப்படி இருந்துச்சு, வேணி?"

அன்றிலிருந்து அந்தக் கேள்வி என் பக்கம் வரவில்லை. அவள் நல்ல பெண், ஐயா. மரியாதை தெரிந்தவள். வரும்போதெல்லாம் தூக்குப்போசியில் எனக்கும் சேர்த்து மோர் கொண்டுவருவாள். ஒரு நாள் நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் வந்து நின்றுகொண்டு, "நீங்க எதுக்குங்ணா வெயில்ல நின்னுட்டு? போயி உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். நெடுநேரம் நின்ற என் காலுக்காக இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். நான் போய் உட்கார்ந்தேன்.

பொறாமை என்று ஊரில் சொல்வார்கள். அந்த வார்த்தையை நான் மறுக்கவில்லை. அவன் அவளைக் கேட்கும்போதெல்லாம் அவள் சொல்கிற பதில் தப்பாக இருக்காதா என்று காத்திருப்பேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. அது இன்னும் எரிந்தது. ஆனால் பொறாமையால் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். பார்வைக்காரர் மெம்பராகத்தான் இருக்க வேண்டும் என்பது விதி. அவள் மெம்பர் இல்லை. இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செக்ரட்டரிக்குச் சின்னப் புத்தி என்று பேசியிருப்பார்கள்.

இந்தப் பங்குனியில் சென்னையிலிருந்து இரும்புத் தலை மட்டைகள் வந்தன. தலையின் கழுத்தில் மரப்பிடியைச் செருகி, குறுக்கே ஓர் ஆணி அடித்திருப்பார்கள். வழக்கம்போல வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். சண்முகவேல் முறை வந்தபோது, "வேற எதாச்சும் சொல்லணுமுங்களாண்ணா?" என்று கேட்டான். "எப்பவும் போலத்தான்" என்றேன். அவன் வெற்றிலையை எடுத்தான். மட்டையையும் எப்போதும்போல மேட்டில் இருக்கும் என் கொட்டகையிலேயே விட்டுப் போனான்.

நான் சாக்குச் சுற்றவில்லை. இவ்வளவுதான் என் குற்றம் என்று சொல்லி நான் எழுந்து போயிருக்கலாம். இத்தனை நாளும் சம்பளம் வாங்காமல் செய்த வேலையை ஒருவன் நிறுத்தினால் எந்தக் கோர்ட்டில் என்ன சொல்வார்கள்? ஆனால் முழுதும் சொல்வதற்குத்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்திருக்கிறேன்.

மட்டையைக் கொட்டகையின் தகரக் கூரைமேல் போட்டேன். பங்குனி வெயிலில் அந்தத் தகரத்தில் கை வைக்க முடியாது. மரம் நன்றாக வற்றியதும் குறுக்கே இருந்த ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு, ஓட்டையைக் கறுப்பு மெழுகால் அடைத்தேன். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆணி இல்லாமல் தலை எவ்வளவு தாங்கும் என்பதும் சோதிக்க வேண்டிய விஷயம்தானே என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு யாரும் இல்லாத மத்தியானத்தில் நானே அடித்துப் பார்த்தேன். நானே அறியாத ஒன்றை ஒரு மெம்பர் கையில் கொடுப்பது என் வழக்கம் அல்ல. சண்முகவேல் நிற்கிற இடத்திலேயே நின்று, அவன் வீசுகிற மாதிரியே வீசினேன். அவன் வீச்சு எனக்கு மனப்பாடம். தலை கழன்று, முன்னால் வலப்பக்கமாக நிற்கும் வேப்பமரத்தின் பக்கம் போயிற்று. எடுத்து வந்து பொருத்தி மறுபடி வீசினேன். ஏறக்குறைய அங்கேயே போயிற்று. மரப்பட்டையில் அதன் காயம் இப்போதும் இருக்கும். நீங்கள் போனால் பார்க்கலாம். உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் தலை உயரத்துக்கு இருக்கும்.

என் நாற்காலியை அந்த வேப்பமரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் இருவரும் வந்தார்கள். அனல் காற்று இன்னும் அடங்கவில்லை. "வெயில்ல நிக்க வேண்டாம் தாயி, அங்க நெழல்ல உக்காந்து பாரு. பந்து போறதும் நல்லாத் தெரியும்" என்றேன். அன்று அவள் மசக்கை மயக்கத்தில் இருந்தாள் என்று பிறகு சொன்னார்கள். அப்போது எனக்குத் தெரியாது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவளுடைய இடம் காலியானது. நான் போய் அங்கே நின்றேன்.

அவன் வீசினான். நல்ல வீச்சு, ஐயா. தோள் முந்தவில்லை, மணிக்கட்டு அசையவில்லை. அவன் வீசியதிலேயே அதுதான் சிறந்தது என்று சொல்வேன். வெறும் பிடிதான் அவன் கையில் நின்றது. பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. அவனுக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. வழக்கம்போல மரத்தடிப் பக்கம் பார்த்து, "எப்படி இருந்துச்சு, வேணி?" என்றான். அவள் பதில் சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்தாள். மோர்ப் போசி மட்டும் உருண்டு கிடந்தது.

அப்போது அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"என்னங்ணா ஆச்சு?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னைக் கேட்டான். என் நெஞ்சு நிறைந்துவிட்டது. அதை மறைத்துப் பயனில்லை. "தலை கழண்டு போச்சு, தம்பி" என்று சொன்னேன். சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே அவளுக்கு உயிர் போய்விட்டது. வண்டியில் நான்தான் அவனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விசாரணையில் அவன் சொன்னதை நீங்களே எழுதிக்கொண்டீர்கள். "அண்ணன் எல்லாத்தையுஞ் சொல்லித்தானுங்க குடுப்பாரு. ஆட்டிப் பாக்காம வீசுனது நாந்தானுங்க" என்றான். அப்போதே எனக்கு மனசு கேட்கவில்லை. இப்போது அவன் கடையைத் திறப்பதில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறானாம். சாப்பிடச் சொன்னால் கையை நீட்டி, "இந்தக் கையிலயா?" என்கிறானாம். நான் போனபோது கதவைத் திறக்கவில்லை. என்மேல் கோபம் என்று நினைக்காதீர்கள். மட்டையைக் கெடுத்துவிட்டோமே, அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற வெட்கம்தான். அவனை எனக்குத் தெரியும்.

அதனால்தான் வந்தேன். குற்றம் அவன் கையில் இல்லை. வீச்சில் எள்ளளவும் பிசகு இல்லை. இதை நீங்கள் அவனிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னதாகவே சொல்லுங்கள். நான் சொன்னால் நம்புவான். மரத்தை வற்றவைத்தது நான், ஆணியைக் கழற்றியது நான், நாற்காலியைப் போட்டது நான். கமலவேணியைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இது தெரிந்துவிட்டால் அவனுக்கு மனபாரம் இறங்கிவிடும்.

அவன் நாளைக்கே மேட்டுக்கு வந்துவிடுவான் என்று நான் சொல்லவில்லை. அதிகமாக எதிர்பார்க்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். கருமாதி முடியட்டும், ஆடிக் காற்று அடங்கட்டும். அதுவரை என்னை எங்கே வைத்தாலும் சரி, ஓர் உபகாரம் மட்டும் செய்யுங்கள். அவனுடைய பழைய மட்டை ஒன்று என் கொட்டகையில் இருக்கிறது. நேற்று வரைக்கும் நானே பார்த்துக்கொண்டேன். பொழுது சாய்ந்ததும் யாரையாவது அனுப்பிச் சாக்கை நனைத்துச் சுற்றச் சொல்லுங்கள். என்றைக்காவது வந்து அடிப்பான், அடித்ததும் திரும்பிப் பார்ப்பான். கேட்பதற்கு அவனுக்கு இப்போது என்னை விட்டால் யாரும் இல்லை.